எடைக்குப் போகாத இரும்பு

1991 ஐப்பசியில் அப்பாவின் கடைசல் மிஷினை எடைக்குப் போட்டேன். ஒரு சாண் நீளம்தான் இருக்கும் அது. வில்லின் நூலை அச்சில் ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையால் வில்லை இழுத்துத் தள்ளிக்கொண்டே, வலது கை உளியால் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சைச் சீவுவார் அப்பா. தலைமுடி கனத்துக்கு முனை வரும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மூன்றடி மேஜை, மேலே ஒரு டியூப் லைட், கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர், எச்.எம்.டி. என்று வந்த வாட்ச் எல்லாம் பெயர்ச் சீட்டோடு தொங்கும். அவர் காலமானபோது ஊரெல்லாம் செல் வாட்ச் வந்துவிட்டது. செல் மாற்ற ஒரு ட்வீசரும் ஒரு கத்தியும் போதும். அச்சுக் கடையும் வேலைக்கு ஆள் தேடி யாரும் வரவில்லை. பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தபோது, மற்றக் கருவிகளையும் சேர்த்து மூன்று கிலோ சொச்சம். அந்தப் பணத்தில் என்ன வாங்கினேன் என்பது நினைவில் இல்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் ஒரு வாட்ச்சைக் கொண்டுவந்தார். ஸ்டாப் முள்ளை நிறுத்தி அழுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இரண்டு கோடு தள்ளி நிற்கிறது என்றார். டயலில் ஒரு நட்சத்திரம், கீழே ஜெனித் என்ற பெயர். காதில் வைத்தேன். எங்கள் எச்.எம்.டி. ஜனதா வினாடிக்கு ஐந்து தட்டுத் தட்டும், எண்ணிவிடலாம். இது பத்து. தட்டுத் தட்டாகக் காதில் விழவில்லை. மழைக்கு முந்தின ராத்திரியில் சில்வண்டு இழுக்குமே, அப்படி ஒரே இழுப்பு. பழுது சின்னதுதான், முள் அச்சில் தளர்ந்திருந்தது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆனால் பின்மூடியைப் போட மனம் வராமல் ஒரு மணி நேரம் கண்லென்ஸோடு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதைச் செய்யும் கருவிகளையும் எடைக்குப் போடச் சொல்லி 1975இல் ஓர் உத்தரவு வந்தது. ஒரு ஃபோர்மன் அதை மீறினார். இது எனக்குப் பல வருஷம் கழித்து, படித்துத்தான் தெரியும். படித்த அன்று தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடி வாசித்துவருகிறேன்.

சுவிட்சர்லாந்தின் மேற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஜூரா மலை. அதில் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் லெ லோக்ல் என்ற ஊர். நீண்ட குளிர்காலம், பனி மூடினால் வயலில் வேலை இல்லை. 1665இல் பிறந்த டானியல் ஜான்ரிஷார் என்ற கொல்லர் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு குதிரை வியாபாரி ஓடாத கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார், அதைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கியதில்தான் மலைக்குக் கடிகாரத் தொழில் வந்தது என்று சொல்வார்கள். கைக்கடிகாரம் என்றாலும் அந்தக் காலத்தில் சட்டைப்பைக்குள் போகும் உருண்டைதான். கதை எவ்வளவு நிஜமோ, ஜான்ரிஷார் நிஜம். லெ லோக்லில் வந்து தங்கி ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதற்கடுத்த நூற்றைம்பது வருஷத்தில் மலைமேல் பண்ணை வீடுகள் தோறும் ஜன்னலோரம் ஒரு மேஜை முளைத்தது. ஒரு வீட்டில் முள் செய்வார்கள், ஒரு வீட்டில் சக்கரம் பல் வெட்டுவார்கள், இன்னொரு வீட்டில் டயலுக்கு எனாமல் பூசுவார்கள். முதலாளி வீடு வீடாகச் சேகரித்துக் கடைசியில் பூட்டி விற்பார். எங்கள் ஊரில் பட்டு முதலாளி பாவும் ஜரிகையும் தறிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிச் சேலையாக வாங்குகிற மாதிரிதான். பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனைப் பார்த்து, ஊரே ஒரு பெரிய தொழிற்சாலை என்று கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதன'த்தில் எழுதினார். இரண்டு ஊர்களையும் 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இந்தத் தொழிலுக்காகவே அமைந்த தெருக்களும் ஜன்னல்களும் என்பதற்காக.

இந்த வீட்டு வேலை முறையை மாற்ற நினைத்தவர் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோ. 1865இல் லெ லோக்லின் பில்லோத் பகுதியில் பட்டறை தொடங்கியபோது அவருக்கு வயது 22. வீடு வீடாக அலையும்போது இந்த வீட்டுச் சக்கரம் அந்த வீட்டுத் தட்டில் உட்காராது. உட்கார வைக்க ஒரு ஆள் அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாரையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்தால், தட்டு வெட்டுகிறவனும் சக்கரம் வெட்டுகிறவனும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. மிஷின்களையும் துணிந்து வாங்கிப் போட்டார். 1876இல் பிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போன சுவிஸ்காரர்கள், ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே பொருந்தும் அமெரிக்க வாட்ச்சுகளைப் பார்த்து அதிர்ந்துபோய்த் திரும்பினார்கள். அதற்குப் பதினொரு வருஷம் முன்பே இந்த இளைஞர் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜெனித் என்பது முதலில் ஒரு மிஷினின் பெயர்தான். எங்கள் தொழிலில் டயலுக்குக் கீழே ஓடுகிறதைத்தான் மிஷின் என்போம். இரவில் வேலை முடித்து அண்ணாந்து பார்த்த ஃபாவ்ர்-ஜாக்கோவுக்கு வானமே பல் சக்கரமாகச் சுழல்வதுபோலத் தோன்றியதாம். தலைக்கு நேர் மேலே இருக்கும் வான உச்சியின் பெயரையே அதற்கு வைத்தாராம். கம்பெனி சொல்லும் கதை இது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த மிஷின் தங்கப் பதக்கம் வாங்கியது. பெயர் அதோடு நிலைத்துப்போய், 1911இல் கம்பெனிக்கே அந்தப் பெயர் ஆனது. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது கையில் கட்டியிருந்தது ஜெனித். 1912இல் ஃபாவ்ர்-ஜாக்கோவுக்கு லெ லோக்லில் ஒரு வீடு எழும்பியது. கட்டியவர் லா ஷோ-த-ஃபோன்காரரான ஓர் இளைஞர். பின்னாளில் லெ கொர்பூசியே என்ற பெயரில் நம் சண்டிகரை வடிவமைத்தவர் அவர்தான். அவருடைய அப்பா வாட்ச் டயலுக்கு எனாமல் பூசுகிறவர். லெ கொர்பூசியேவும் முதலில் படித்தது வாட்ச் மூடியில் செதுக்கு வேலை.

நம் நாட்டோடு இன்னொரு தொடர்பும் உண்டு. காந்தியிடம் ஒரு வெள்ளி ஜெனித் இருந்தது, அலாரம் வைத்தது. அவருக்குப் பிறகு அது அவர் குடும்பத்து ஆபா காந்தியிடம் இருந்தது. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு சேர்த்து ஏலத்துக்கு வந்து 18 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்தி வந்த நாளில் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் விலையைப் பற்றியே பேசினார்கள். நான் படத்தில் அதன் டயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும் பொறுக்காதவர் பார்த்துப் பார்த்து வாழ்ந்த டயல்.

நேரம் துல்லியமாகக் காட்டுவதில் ஜெனித்துக்கு இருந்த பிடிவாதத்துக்கு நெஷாத்தெல் நகரத்து வான்காணகமே சாட்சி. 1858இல் தொடங்கிய அந்த வான்காணகம் கடிகாரக் கம்பெனிகளுக்காகப் போட்டி நடத்தியது. மிஷினை 45 நாள் வைத்திருப்பார்கள். படுக்கவைத்து, நிமிர்த்தி, கவிழ்த்து, குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, தினமும் எத்தனை வினாடி விலகுகிறது என்று எழுதுவார்கள். எஃப்ரெம் ஜோபாங் வடிவமைத்த 135 என்ற மிஷினில், நிமிஷச் சக்கரத்தை நடுவிலிருந்து ஒதுக்கிவைத்து அந்த இடத்தைப் பேலன்ஸுக்குக் கொடுத்தார்கள். பேலன்ஸ் பெரிதானால் நடை உறுதிப்படும், கனமான பம்பரம் நிதானமாகச் சுற்றுவதுபோல. 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து முதல் பரிசு அதற்கே. ஷார்ல் ஃப்ளெக், ரெனே ஜிகாக்ஸ் என்ற இருவர்தான் போட்டிக்கு அனுப்பும் மிஷின்களைச் சீர்படுத்தியவர்கள். அவர்கள் பேலன்ஸை ஆட்டும் ஹேர்ஸ்பிரிங்கை எத்தனை முறை தொட்டு, எத்தனை முறை கண்ணை மூடித் திறந்திருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. மொத்தத்தில் இந்தக் கம்பெனி துல்லியத்துக்காக வாங்கிய பரிசுகள் 2,333.

துபாய்க்காரர் கொண்டுவந்த வாட்ச்சின் பெயர் எல் பிரிமெரோ, ஸ்பானிய மொழியில் முதலாவது என்று அர்த்தம். தானே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கில் ஸ்டாப் வாட்ச்சையும் சேர்ப்பது 1960கள் வரை யாருக்கும் கைகூடவில்லை. இரண்டுமே இடம் கேட்கும். ஆட்டோமேட்டிக்குக்கு முதுகில் ஒரு பாரம் சுழல வேண்டும். ஸ்டாப் வாட்ச்சுக்கு அதே முதுகில் நெம்புகோல்கள் படுக்க வேண்டும். கம்பெனியின் நூற்றாண்டான 1965இல் கொண்டுவர வேண்டும் என்று 1962இல் வேலை தொடங்கினார்கள். நான்கு வருஷம் தள்ளிப்போய், 1969 ஜனவரி 10 அன்று பத்திரிகைக்காரர்கள் முன் வைத்தார்கள். அதே வருஷம் மார்ச்சில் ஹாயர், ப்ரைட்லிங், ஹாமில்டன்-ப்யூரென் கூட்டணியும், மே மாதம் ஜப்பானின் சீக்கோவும் தங்கள் ஆட்டோமேட்டிக் ஸ்டாப் வாட்ச்சுகளைக் கொண்டுவந்தன. யார் முதல் என்று இன்றும் வாதம் நடக்கிறது. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வாதம் முக்கியமில்லை. நான் பார்ப்பது அந்த மிஷினை: 278 பாகங்கள், கனம் 6.5 மில்லிமீட்டர், மணிக்கு 36,000 தட்டு. அதனால்தான் வினாடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதன் முள் பிரித்துக் காட்டுகிறது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. சாதாரண வாட்ச்சில் எஸ்கேப் சக்கரத்தின் பல் நுனியில் ஊசிமுனை அளவு ஆயில் விடுவோம். இந்த வேகத்தில் சக்கரம் நின்று நின்று பாயும்போது ஆயில் நுனியில் தங்காது, விசிறி அடித்துவிடும். அதனால் மாலிப்டினம் டைசல்பைடு என்ற உலர் பூச்சைக் கொடுத்திருந்தார்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும் சக்கரத்தைப் பார்த்து, துடைக்காமல் விட்ட அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிட்டவர்கள் உண்டு. ஸ்டாப் வாட்ச்சை ஓட்டவும் நிறுத்தவும் கோட்டைக் கொத்தளம்போல் பல் எழும்பிய சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது ஒரு படி திரும்பும். நெம்புகோலின் மூக்கு பல்லின் மேல் ஏறுவதும் பள்ளத்தில் விழுவதும்தான் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் தீர்மானிக்கும். அன்று கண்லென்ஸில் நான் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தது அதைத்தான். மூக்கு பள்ளத்தில் விழும்போது விரலுக்குச் சின்னதாக ஒரு தட்டு தெரியும்.

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ குவார்ட்ஸ் வாட்ச்சை, அதாவது எங்கள் ஊரில் சொல்லும் செல் வாட்ச்சை, விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென், அப்போது ஒரு காரின் விலை. சில வருஷங்களில் விலை சரிந்தது, குவார்ட்ஸ் உலகம் முழுக்கப் பரவியது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970 வாக்கில் 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் 30,000 சொச்சம் பேர்தான். லெ லோக்லில் எத்தனை ஜன்னலோர மேஜைகள் காலியாகியிருக்கும் என்று யோசிக்கும்போது எனக்குப் பெரிய கடைத்தெருதான் கண்ணில் வருகிறது.

1971இல் ஜெனித் அமெரிக்கர்கள் கைக்குப் போனது. வாங்கியது சிகாகோவின் ஜெனித் ரேடியோ கார்ப்பரேஷன். ரேடியோவும் டெலிவிஷனும் செய்யும் கம்பெனி. பெயர் ஒன்றாக இருந்தாலும் அதுவரை உறவு ஏதும் இல்லை. 1975இல் அங்கிருந்து முடிவு வந்தது: இனி குவார்ட்ஸ் மட்டும். பழைய மிஷின் செய்யும் கருவிகளையும் இயந்திரங்களையும் டன் கணக்கில் விற்றுவிடுங்கள்.

நாலாம் எண் பட்டறையின் ஃபோர்மன் ஷார்ல் வெர்மோ. எல் பிரிமெரோவின் அடித்தட்டும் நெம்புகோல்களும் உருவாகும் இடம் அவருடையது. ஏன் அவர் அவ்வளவு துடித்தார் என்பது தொழில் தெரிந்தால்தான் புரியும். வாட்ச்சின் வரைபடம் இருந்தால் வாட்ச் செய்துவிடலாம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு நெம்புகோல் எஃகுத் தகட்டிலிருந்து ஒரே அடியில் வருவதில்லை. முதல் டை உருவத்தை வெட்டும், அடுத்த டை ஓரத்தைச் சீவும், இன்னொன்று துளையைச் சரியான இடத்தில் போடும். ஒவ்வொரு டையும் மாதக்கணக்கில் கையால் ராவி, தீட்டி, தவறி, திரும்பச் செய்து தேறியது. ஸ்க்ரூவும் அச்சும் தானே கடையும் மிஷின்களுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கேம் வேண்டும். கேமின் வளைவுதான் உளியை எப்போது முன்னே தள்ள வேண்டும், எப்போது பின்னே இழுக்க வேண்டும் என்று சொல்லும். இவை போய்விட்டால் வரைபடம் வெறும் தாள்.

வெர்மோ நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். மெக்கானிக்கல் வாட்ச்சின் காலம் அடியோடு முடிந்துவிடாது, ஃபேஷன் திரும்பும், இதெல்லாம் ஒருநாள் வேண்டியிருக்கும் என்று தம் நம்பிக்கையைச் சொன்னார். பலன் இல்லை. அதன்பின் ராத்திரிகளில், தம்முடைய சகோதரரின் உதவியோடு, ஒவ்வொன்றாக மேலே சுமந்தார். தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் பரண், மரச் சட்டங்களுக்கு அடியில் யாரும் போகாத இடம். பிரஸ் கருவிகள் மட்டும் ஏறத்தாழ 150. அவற்றோடு கேம்கள், வெட்டுளிகள், வரைபடங்கள். கடைசியில் அங்கே போகும் வழியை ஒரு சுவரால் மறைத்தார்.

கனமான எஃகு அது. டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையளவு இருந்தாலும் தோளை இழுக்கும். நடுத்தர வயது தாண்டிய மனிதர், பகலெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டு, ராத்திரி படியேறியிருக்கிறார். பிடிபட்டால் வேலை போயிருக்கும். ஊரில் வேறு வேலையும் கிடைக்காத காலம்.

சுமந்ததைவிட என்னை அதிகம் அசைத்தது அவர் எழுதியதுதான். ஒவ்வொரு கருவிக்கும் பெயர்ச் சீட்டுக் கட்டினார். எந்தப் பாகத்துக்கு எந்த டை, எந்த வரிசையில், எந்த மிஷினில் எந்தக் கேம் என்று முழு வேலையையும் குறிப்பெழுதித் தொகுத்து வைத்தார். தமக்கு மட்டும் என்றால் குறிப்பு எதற்கு? எல்லாம் அவர் கைக்கு மனப்பாடம். தாம் இல்லாத ஒரு நாளில், தம்மைப் பார்த்திராத ஒருவன் வந்து இந்தப் பரணைத் திறப்பான் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

1978இல் அமெரிக்கர்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் போல் காஸ்தெல்லா, லெ லோக்லிலேயே டிக்ஸி என்ற நுண்கருவித் தொழிற்சாலை நடத்தியவர். 1980களின் தொடக்கத்தில் லா ஷோ-த-ஃபோனின் ஏபெல் கம்பெனி, கையிருப்பில் இருந்த எல் பிரிமெரோ மிஷின்களைக் கேட்டு வந்தது. பிறகு ரோலெக்ஸ் வந்தது, தன் டேடோனா ஸ்டாப் வாட்ச்சை ஆட்டோமேட்டிக் ஆக்க ஒரு மிஷின் தேடி. கையிருப்பு தீர்ந்தால் புதிதாகச் செய்தாக வேண்டும். செய்ய டையும் கேமும் வேண்டும். அப்போதுதான் பரண் திறந்தது. எல்லாம் சீட்டோடு, வரிசையாக, குறிப்போடு. 1984இல் உற்பத்தி மறுபடி தொடங்கியது. 1988இல் வந்த ரோலெக்ஸ் டேடோனாவுக்குள் ஓடியது எல் பிரிமெரோவின் உடம்புதான். வேகத்தை 28,800க்குக் குறைத்து, தேதியை எடுத்துவிட்டு, பேலன்ஸை மாற்றி, பாதிப் பாகங்களைத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். 2000இல் சொந்த மிஷின் செய்யும்வரை அதையே ஓட்டினார்கள். 1999இல் ஜெனித்தை எல்விஎம்எச் குழுமம் வாங்கியது. வியாபாரக் கதையை எழுதுகிறவர்கள் இங்கிருந்துதான் விரிவாக எழுதுவார்கள். எனக்கு அந்தப் பரணோடு வேண்டியது கிடைத்துவிட்டது.

லெ லோக்லுக்கு நான் போனதில்லை. தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களை இப்போது அந்தப் பரணுக்கு அழைத்துப் போகிறார்கள். படங்களில் பார்த்திருக்கிறேன்: சாய்ந்த கூரை, மர அலமாரி, தட்டுத் தட்டாக எஃகு.

போன தை மாதம் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். அப்பாவின் சாமான்களில் மிஞ்சியவை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும்: ஸ்க்ரூ டிரைவர்கள் ஐந்து, மெயின் ஸ்பிரிங் சுற்றும் கைச்சுற்றி, இரண்டு ட்வீசர், ஆயில் விடும் ஊசி. ஒவ்வொன்றுக்கும் நூலில் சீட்டுக் கட்டிவிட்டு நோட்டில் எழுதிவருகிறேன். முதல் பக்கத்தில் இருப்பது இது:

"ஹேர்ஸ்பிரிங் ட்வீசர். அப்பாவுடையது. இடது முனை லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். பழுது என்று நினைத்து நிமிர்த்த வேண்டாம். கடைசிச் சுற்றைத் தொடுவதற்காக அவரே கல்லில் தீட்டி வளைத்தது. பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் மேலே வரட்டும்."